பத்தாந்தேதி தெரியாத கணக்கு

கூட்டம் எப்போதும் பிற்பகல் மூன்று மணிக்கு. பதுளை பஜாரில் மூன்று மணி என்றால் கொழும்பு லொறி வந்து நிற்கிற நேரம். நான் கடையின் பின்பக்கத்து ஸ்டோரில், கோதுமை மா மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, போனைச் சீனி மூட்டையில் சாய்த்து வைத்து, பல்கலைக்கழகத்து ஆட்களோடு உட்காருவேன். பேசுவேன் என்று சொன்னால் பொய். முக்கால்வாசி நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். என் முகம் தெரிகிற சின்னப் பெட்டியில் எனக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் போவார்கள், வருவார்கள். தராசில் நிற்கிற அண்ணன் கதவு வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, பூசை முடிஞ்சிருச்சா, இன்னும் தீபாராதனை இருக்கா?" என்று கேட்பார். மைக்கை மூட மறந்திருந்தால் அந்தக் கேள்வி இரண்டு மாகாணம் தாண்டிப் போய்விடும்.

பூசை என்று அவர் சொன்னது, கணக்கியல் பட்டப்படிப்பை டிஜிட்டல் பொருளாதாரத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிற குழுவை. அதில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வேலை கொடுக்கிறவர்கள் பக்கத்திலிருந்தும் சிலர் இருக்க வேண்டுமாம். முந்திய ஆண்டுகளில் அவர்களுடைய பிள்ளைகள் சிலர் எங்கள் கடையில் பயிற்சிக்கு வந்தார்கள். அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குப் பட்டம் எதுவும் இல்லை. உயர்தரப் பரீட்சையோடு நின்றுபோன ஆள். பில் எழுதுவதற்காக இந்தக் கடைக்கு வந்தேன். மற்றவர்கள் படித்து முடித்து விற்ற புத்தகங்களை வாங்கிக் கணக்குப்பதிவு கற்றேன். கம்பியூட்டரை முதலாளியின் மகன் கனடா போகும் முன் கொஞ்சம் காட்டிக்கொடுத்தான்; மீதியை வீடியோ பார்த்துப் படித்தேன். இப்போது இந்தக் கடைக்கும், பஜாரில் இன்னும் சில கடைகளுக்கும், எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு தங்குவிடுதிக்கும் கணக்கு நான்தான். வந்த புதிதில் யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள், அதுவே பேராகிவிட்டது. என்னைவிட மூத்தவரான தராசு அண்ணனுக்கும் நான் அக்காதான்.

ஆகவே டிஜிட்டல் என்றால் எனக்குப் பயமில்லை. எல்ல விடுதியில் வெள்ளைக்காரர்கள் போனைத் தூக்கிக் காட்டிக் காசு கட்டிவிட்டுப் போகிறார்கள்; அந்தக் கணக்கை இங்கிருந்தே பார்க்கிறேன். ஏட்டில் கோடு போட்டு எழுதுவதையே நாலு வருடமும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வெளியே வந்து முழிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் கடைக்கு வந்தவர்களே முழித்திருக்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுகிற வேலை இவ்வளவு களைப்பாக இருக்கும் என்று தெரியாது. ஒரு கூட்டத்தில் ஒரு பாடத்தின் பெயரை மாற்றுவார்கள். அடுத்த கூட்டத்தில் பழைய பெயரே நல்லது என்பார்கள். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஓடும். நான் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னால் "நல்ல கருத்து மிஸ்" என்று தலைவர் சொல்வார். அந்த நல்ல கருத்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பிள்ளை வந்தது.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளை. அதே பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். படிப்பை முடிக்க ஆறு மாதம் எங்காவது பயிற்சி செய்தாக வேண்டும். ஒரு நாள் காலையில் கடைக்கு வந்து, மழைக் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றது.

"அக்கா, இந்த முறை புது ரூல்ஸ் போட்டிருக்காங்க. டிஜிட்டல் சூழல் உள்ள எடத்துலதான் டிரெய்னிங் செய்யணுமாம். லிஸ்ட் குடுத்திருக்காங்க. எல்லாமே கொழும்பு."

"கொழும்புல ஒனக்குச் சொந்தம்னு யாரும் இல்லையா?"

"அப்பா அங்க ஹோட்டல்ல சமையல்ல இருக்காரு. போன்ல கேட்டேன். 'நானே ஒரு பாயில ரெண்டு பேரா படுக்கிறேன் புள்ள, ஒன்ன நான் எங்க வைக்கிறது'ன்னாரு." குடையை ஒரு தடவை உதறியது. "ஆறு மாசம் சம்பளம் இல்லாம அங்க ரூம் எடுக்க முடியாதுக்கா. கொழும்புன்னா நான் படிப்ப நிறுத்திக்கணும். அவ்வளவுதான்."

அழவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ரூல்ஸைப் பேசின கூட்டத்தில் நானும் இருந்தேன். 'பொருத்தமான தொழில்நுட்பச் சூழல்' என்று வாசித்தபோது, இதில் யாரோ ஒருவருடைய குடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்தேன். பதுளையில் ஒரு பலசரக்குக் கடை இந்தப் பட்டியலில் வர வழியுண்டா என்று கேட்டேன். தலைவர் யோசித்தார். நல்ல மனிதர், அவருக்கும் மேலே இன்னொரு தலைவர் இருக்கிறார். "கடை ஒரு கணினி முறைமையில் ஓட வேண்டும் மிஸ். எழுதி வைப்பது மட்டும் போதாது. என்ன வாங்குவது, எப்போது வாங்குவது என்ற முடிவையும் முறைமை எடுக்க வேண்டும். ஒரு விரிவுரையாளர் வந்து பார்ப்பார். பிறகு குழு தீர்மானிக்கும்." பார்க்க வருகிறவர் நிரப்புகிற தாளையும் அனுப்பிவைத்தார்கள். அதில் ஒரு கேள்வி: முறைமை சொன்ன முடிவுகளில் எத்தனையை மனிதர் மாற்றினார்? குறைவாக மாற்றினால் கூடுதல் புள்ளி.

இனி முதலாளியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவருடைய தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. கணக்கை என்னிடம் விட்டாலும், சரக்கு வாங்குவதை மட்டும் யாரிடமும் விட்டதில்லை. காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு ஸ்டோருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வந்து கொழும்புக்குப் போன் போடுவார். எதையும் எழுதிப் பார்க்க மாட்டார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேசனுக்கு வரச் சொல்லி இரண்டு தடவை திகதி கொடுத்தும் போகவில்லை. கேட்டால், "நான் படுத்துட்டா சரக்கு யாரு எடுக்கிறது?"

அந்த இடத்தில் பிடித்தேன்.

"இந்த மிசின் என்ன செய்யும் தங்கச்சி?"

"என்ன வித்துச்சு, என்ன மிச்சம், என்ன எடுக்கணும், எல்லாத்தையும் அதுவே சொல்லும் முதலாளி."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்க கண்டிக்குப் போய் கண்ண வெட்டிக்கிட்டு வாங்க."

அவர் சிரிக்கவில்லை. தராசு அண்ணன்தான் சிரித்தார். "போங்க முதலாளி. கண்ணு வந்தப்புறம் நாங்க திருடுறதையாவது நல்லாப் பாக்கலாம்."

பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். கொழும்பு, பாய், படிப்பு நிற்பது. கேட்டுவிட்டு, "யாரு வீட்டுப் புள்ள?" என்றார். சொன்னேன். "அவங்கம்மா நம்ம கடையிலதான் சாமான் எடுக்கும்," என்றார். சம்மதம் அதுதான்.

அந்த மாதச் சம்பள வாரம் முடிந்து கடை மூச்சு விட்ட பிறகு வேலையைத் தொடங்கினோம். மாதவாடகைக்கு ஒரு மென்பொருள் எடுத்தோம். பிள்ளை காலைப் பஸ்ஸில் வந்து, இருட்டும் முன் போகும். ஒவ்வொரு சாமானாக உள்ளே ஏற்றியது. பைக்கற்றில் ஸ்கேன் பண்ணுகிற கோடு போட்ட சாமான்கள் சுலபம். கருவாட்டுக்கும் உதிரி மிளகாய்க்கும் ஏது கோடு? ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துப் படத்தைத் தொட்டால் கணக்கில் விழுகிற மாதிரிச் செய்தது.

"நெத்தலிக்கெல்லாம் போட்டோ எடுக்குறே, என்னைய ஒன்னு எடுத்தியா?" என்றார் தராசு அண்ணன்.

"ஒங்களுக்கு விலை என்ன போடுறது அண்ணே?"

"கேட்டுப் பாரு, எங்க வீட்டுக்காரி சும்மாவே குடுப்பா."

அவருக்கும் கையில் ஒரு டேப் கொடுத்திருந்தோம். முதல் வாரம் விரலால் குத்தினார். பிறகு தடவப் பழகினார். கடை ஓடியது. மாதக் கடைசி எப்போதும் போல ஈ ஓட்டியது. முதலாளி கண்டிக்குப் போய், மச்சான் வீட்டில் தங்கிக் கண்ணில் கட்டோடு இருந்தார். போகும்போது, "மிசின் சொல்றபடி போடுங்க. அடிக்கடி எனக்குப் போன் அடிச்சிக்கிட்டு இருக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

ஏழாந்தேதி காலையில் மென்பொருள் ஆர்டர் எழுதிக் கொடுத்தது. கடந்த பதினைந்து நாளில் என்ன விற்றது என்று பார்த்து, வரும் வாரத்துக்கு அதே அளவு. மா கொஞ்சம், பருப்பு கொஞ்சம், சீனி இருப்பதே போதும். பிள்ளை பார்த்தது. நான் பார்த்தேன். விரிவுரையாளர் வருகிற நேரத்தில், பாருங்கள், நாங்கள் எதிலும் கை வைக்கவில்லை என்று காட்டலாம் என்பதுதான் இரண்டு பேர் மனதிலும். பிள்ளை பொத்தானை அமத்தியது. ஆர்டர் போய்விட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளை பஜாருக்கு மாதம் ஒன்றாந்தேதி பிறப்பதில்லை. தோட்டத்தில் சம்பளம் பத்தாந்தேதி. அன்றைக்குத்தான் எங்களுக்கு மாதம் பிறக்கும். இப்போது சம்பளம் கைக்கு வராமல் பேங்குக்குப் போனாலும் நாள் அதே நாள். பேங்க் மெசினுக்கு முன்னால் வரிசை நிற்கும், வரிசை நேரே கடைக்கு வரும். அதற்கு முந்திய இரண்டு வாரம் கடையில் காற்றுத்தான் வீசும். அந்த இரண்டு வாரத்தைப் பார்த்துத்தான் மென்பொருள் கணக்குப் போட்டது. பாவம், அது எங்கள் கடைக்கு வந்ததே சம்பள வாரம் முடிந்த பிறகு. ஒரு பத்தாந்தேதியை அது கண்ணால் கண்டதில்லை.

அதற்குத் தெரியாது, சரி. நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அந்தப் பிள்ளை இன்னும் லயத்தில் இருந்து வருகிறது. அதன் அம்மா மாதாமாதம் பத்தாந்தேதிக்கு விரல் மடக்கிக் காத்திருப்பவர். எங்கள் இரண்டு பேருக்கும் அது மறந்துபோனது. மறந்தது என்றும் சொல்ல முடியாது. திரை தெளிவாகச் சொன்னதால் எங்களுக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தாந்தேதி காலை பதினொரு மணிக்கெல்லாம் மா முடிந்துவிட்டது. மா இல்லாத கடை எங்கள் சனத்துக்கு எதற்கு? காலையில் ரொட்டி, கொழுந்து எடுக்கிற மலைக்குப் பொட்டலத்தில் ரொட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரொட்டி. பருப்பும் தீர்ந்தது. தராசு அண்ணன் வெறும் தட்டைத் தட்டிவிட்டு, "வாங்கம்மா வாங்க, சோப்பு இருக்கு, ஊதுபத்தி இருக்கு, வயித்துக்குள்ள போறது மட்டும் இல்ல," என்றார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்கள். சிரிப்புப் போதும், கோபம் வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளையின் அம்மா வந்தார்.

தனியாக வரவில்லை. அதே லயத்துப் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். வாசலிலேயே, "இதுதான் எம்மக வேலை செய்யிற கடை, அந்தா, கம்பியூட்டர்ல ஒக்காந்திருக்கு பாருங்க," என்று சொல்வது உள்ளே கேட்டது.

பிள்ளை எழுந்து நின்றது.

"மா ஒரு பத்துக் கிலோ போடச் சொல்லு," என்றார் அம்மா.

"மா இல்லம்மா."

"பருப்பு?"

"அதுவும் முடிஞ்சிருச்சு."

கூட வந்த ஒரு பெண், "ஏன்டி, இன்னைக்கு பத்தாந்தேதின்னு ஒங்க கடைக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.  நான் முன்னால் போய், தப்பு எங்களுடையது, லொறி குறைவாக வந்துவிட்டது என்று எதையோ சொன்னேன். அந்தப் பெண்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அம்மா போகவில்லை. மகள் வேலை செய்கிற கடைக்கு வந்துவிட்டு எதிர்க்கடையில் எப்படி வாங்குவது? ஒரு சோப்பு, ஒரு டின்மீன் வாங்கினார். "சரி, வாரேன் அக்கா," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெறும் உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மத்தியானம் தராசு அண்ணனை எதிர்க்கடைக்கு அனுப்பினேன். பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தருக்குச் சரக்கு தீர்ந்துபோனால் இன்னொருத்தர் மூட்டையைக் கைமாற்றாகக் கொடுப்பார். பில் கிடையாது, விலை கிடையாது. லொறி வந்ததும் மூட்டைக்கு மூட்டை திருப்பிக் கொடுக்க வேண்டியது. எதிர்க்கடைக்காரர் எங்கள் முதலாளிக்கு ஒருவகையில் சம்பந்தி. மூட்டைகளைக் கொடுத்துவிட்டு, "ஒங்க கம்பியூட்டர் எங்களுக்கு நல்லாத்தான் வேலை செய்யுது, அத நிப்பாட்டிறாதீங்க," என்று சொல்லியனுப்பினார். வாங்கி வந்து சாயந்திரக் கூட்டத்துக்கு விற்றோம்.

மென்பொருளில் கைமாற்றுக்கு இடம் இல்லை. வாங்கியது என்று போட்டால் விலை கேட்கிறது. பரிசு என்று போட முடியாது. மூட்டை உள்ளே வந்ததே அதற்குத் தெரியாது. விற்றது மட்டும் தெரியும். இரவு பூட்டும்போது திரையில் மாவுக்கு நேரே சிவப்பு எழுத்தில், பூச்சியத்துக்குக் கீழே ஒரு எண் நின்றது. இல்லாத மாவை நாங்கள் விற்றிருந்தோம்.

மறுவாரம் முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். ஸ்டோருக்குள் ஒரு சுற்று வந்தார். பிள்ளை பயந்துபோய் நின்றது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "பத்தாந்தேதின்னு அதுக்கு யாராச்சும் சொன்னீங்களா?"

"இல்லைங்க," என்றது பிள்ளை.

"நானும் சொல்லல. அப்புறம் அத எதுக்குத் திட்டுறது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் திரைக்குக் கிட்டே குனிந்து, "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமாவா இருந்துச்சு இது?" என்றார்.

பிள்ளை மென்பொருள்காரர்களுக்குப் போன் போட்டது. மாதத்தைப் பத்தாந்தேதியிலிருந்து தொடங்க வைக்க முடியுமா, போன மாதம் இதே நாளில் என்ன விற்றது என்று பார்த்து ஆர்டர் எழுத வைக்க முடியுமா என்று கேட்டது. முடியும், அமைப்புகளில் இருக்கிறது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள். அரை மணி நேர வேலை.

லொறி வந்ததும் எதிர்க்கடை மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்; பத்தாந்தேதிக் கணக்கில் அந்தச் சிவப்பு எண் மட்டும் அப்படியே இருந்தது. விரிவுரையாளர் வருகிற நாள் கிட்டியது.

"இத ஒரு தட்டுல மாத்திறலாந்தானே?" என்றார் தராசு அண்ணன்.

"மாத்தலாம் அண்ணே. யாரு, எப்ப மாத்தினதுன்னு அதுல நிக்கும்."

"நின்னா நிக்கட்டும். அவங்க அவ்வளவு தூரம் போயா பாக்கப் போறாங்க?"

பிள்ளை என்னைப் பார்த்தது. மாற்று என்றும் சொல்ல வாய் வரவில்லை, மாற்றாதே என்றும் வரவில்லை. அதன் படிப்பு, சொல்ல நான் யார்? "ஒனக்கு எது தோணுதோ செய்யி," என்றேன்.  அது திரையை அணைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனது. மறுநாள் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

வந்தவர் இளம் வயதுப் பெண். மட்டக்களப்புப் பக்கம். பஸ்ஸில் வந்து வளைவுகளில் தலை சுற்றிப்போய், வந்தவுடன் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கேட்டார். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாவில் நின்றார்.

"இது என்ன? இருப்பு மைனஸ்ல போகலாமா?"

பிள்ளை சொல்லத் தொடங்கியது. முதலில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. பிறகு தமிழுக்கு வந்துவிட்டது. ஏழாந்தேதி ஆர்டர், பத்தாந்தேதி கடை. நடுவில் நின்றபோதெல்லாம் அவர், "மறுகா?" என்பார். மறுகா என்றால் அவர்கள் பக்கத்தில் 'பிறகு' என்று அர்த்தம். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது. கேட்பவர் அவசரப்படவில்லை என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. மறுகா, அம்மா வந்தது. மறுகா, மா இல்லாமல் போனது.  மறுகா, கைமாற்று.

"நான் வகுப்பில இருப்பு பூச்சியத்துக்குக் கீழ போகாதெண்டுதான் படிப்பிக்கிறன்," என்றார். தாளைப் புரட்டிப் பேனாவை எடுத்தார். "இப்ப உங்கட மாதம் எப்ப துவங்குது?"

"பத்தாந்தேதி மிஸ்."

எழுதிக்கொண்டார். மனிதர் எத்தனை முடிவுகளை மாற்றினார் என்ற கேள்விக்கு வந்தபோது பிள்ளை, "முதல் மாசம் ஒன்னும் மாத்தல மிஸ். அதுதான் பிழை," என்றது. அதையும் எழுதிக்கொண்டார். முடிவு சொல்லவில்லை. "என்ட கையில மட்டும் இல்ல. குழு பார்க்கும். நான் கண்டதை எழுதுவன்." போகும்போது முதலாளி ஒரு பார்சல் கருவாடு கட்டிக்கொடுத்தார். காசு கொடுக்காமல் வாங்க மாட்டேன் என்றார் அவர். தராசு அண்ணன் காசை வாங்கிக்கொண்டு, நெத்தலியின் படத்தைத் தடவிக் காட்டினார்.

குழு கூடிய நாளில் நான் வழக்கம்போல் மூட்டைகளுக்கு நடுவே இருந்தேன். எங்கள் கடையின் விஷயம் வந்ததும் தலைவர், "மிஸ், இது உங்கள் இடம் சம்பந்தப்பட்டது, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்," என்றார். நியாயம்தான். அடுத்த நொடி எல்லா முகமும் மறைந்தது. காத்திருங்கள், விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள் என்று ஒரு வரி வந்தது. நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி வந்தது. மூட்டை இறங்கியது. இத்தனை மாதம் பேசியும் கேட்டும் இருந்த கூட்டத்தில், எனக்கு வேண்டிய ஒரே பேச்சு எனக்குக் கேட்காத இடத்தில் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை கதவோரம் வந்து நின்றது.  நான் போனைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். அதுவும் நின்று பார்த்தது.

என்னைத் திரும்ப உள்ளே எடுத்தபோது அவர்கள் வேறு பாடத்தின் பெயரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பொறுக்கவில்லை. இடையில் புகுந்து, "எங்க புள்ளையோட விஷயம் என்னாச்சு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். மட்டக்களப்பு மிஸ்தான் பதில் சொன்னார்.

"ஏற்றுக்கொண்டாச்சு அக்கா. இந்தப் பிள்ளைக்குச் சரி."

"அடுத்த வருசம் வார பிள்ளைங்களுக்கு?"

"அது மறுகாதான் பாக்கணும். இது விசேட அனுமதி எண்டுதான் எழுதியிருக்கு."

கதவோரம் நின்ற பிள்ளைக்குக் கேட்டிருந்தது. தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. மூட்டை இறக்கிய தூசியில் முகமெல்லாம் மா ஒட்டியிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. நான் அந்தக் கூட்டத்தில் கடைசியாக ஒன்று சொன்னேன். எந்த மென்பொருளை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள், ஆனால் எந்த இடத்துக்குப் போனாலும் உங்கள் மாதம் எப்போது பிறக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். "நல்ல கருத்து மிஸ்," என்றார் தலைவர். பிறகு வந்த அறிக்கையில் தேடிப் பார்த்தேன். புதிய பாடத்திட்டத்தில், மூன்றாம் வருடத்தில், 'உள்ளூர் வணிகச் சூழல்' என்று ஒரு விரிவுரை சேர்த்திருந்தார்கள். ஒரு மணி நேரம். அதுவும் விருப்பப் பாடம்.

பசறைப் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் அடுத்த வருடத்துக்கு இப்போதே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மறுபடி மூன்று மணிக்கு உட்கார வேண்டும். மறுபடி காத்திருங்கள் என்ற வரியைப் பார்க்க வேண்டும். சில நாள் உடம்பை விட மனசுதான் மூட்டை தூக்கினமாதிரி இருக்கிறது.

அடுத்த பத்தாந்தேதி ஸ்டோர் கூரை முட்ட மா இருந்தது. மென்பொருள்தான் ஆர்டர் எழுதியது; முதலாளி புதுக் கண்ணோடு வாசித்து, பிள்ளையைக் கேட்டு, பருப்பை மட்டும் கூட்டினார். மத்தியானம் போல் அதன் அம்மா வந்தார். இந்தத் தடவை தனியாக. நல்ல சேலை இல்லை. மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். தராசுக்குப் போகாமல் நேரே மேசைக்கு வந்து, மகளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், கம்பியூட்டரைப் பார்த்துக் கேட்டார்.

"என்னா, இந்த மாசம் மா இருக்குன்னு சொல்லுதா?"

"இருக்கும்மா," என்றது பிள்ளை.

"அது சொல்லுதா, நீ சொல்றியா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப பத்துக் கிலோ போடச் சொல்லு," என்று அம்மா உரப்பையை உதறி விரித்தார்.